வீட்டுக்குள் கோப்பு அனுப்பக் கம்பியா, காற்றா?

நம் சங்க அன்பர்கள் பலருடைய இல்லங்களில் இன்று இரண்டு மூன்று கணினிகள் இருக்கின்றன. பிள்ளை அலுவலகத்திலிருந்து கொண்டு வரும் மடிக்கணினி ஒன்று, பேத்தி படிப்பதற்கு ஒன்று, உள்ளறை மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய மேசைக்கணினி ஒன்று. இவற்றுக்கிடையே பெரிய கோப்புகளை மாற்ற வேண்டி வரும்போது, "ரூட்டர்தான் இருக்கிறதே, வை-ஃபையிலேயே போகட்டும்" என்று தொடங்குகிறோம். சிறிய கோப்பானால் போய்விடுகிறது. முந்நூறு கிகாபைட் என்றால் "இன்னும் 27 மணி நேரம்" என்று திரை சொல்கிறது. நடு இரவில் எங்கோ அறுந்து போகிறது. மறுநாள் மீண்டும் தொடங்கி, மீண்டும் அறுந்து, அலுத்துப்போய் விட்டுவிடுகிறோம். குடும்பப் படங்களுக்கும் பெரியவர்களின் குரல் பதிவுகளுக்கும் இரண்டாவது நகல் இல்லாமல் போவதற்கு, நான் பார்த்த வரையில், சோம்பலைவிட இந்த அலுப்பே பெரிய காரணம். இரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் கம்பியோடும் கம்பியில்லாமலும் பழகியவன் என்ற முறையில், ஏன் இப்படி ஆகிறது, என்ன செய்யலாம் என்பதைச் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. இது பிடிபடாவிட்டால் பின்னால் வருவது ஒன்றும் பிடிபடாது. இணைப்பின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் எட்டால் வகுத்து, வழிச்செலவையும் கழித்தால், ஏறத்தாழ 11 மெகாபைட்தான் கைக்கு வரும். 1000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் கம்பியில் 110 மெகாபைட்டுக்குச் சற்று மேலேயும் வரும். கம்பியில் வழிச்செலவு நூற்றுக்கு ஐந்தாறு பங்கோடு முடிந்துவிடுகிறது. காற்றில் பாதி போய்விடும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "எங்கள் வீட்டில் 300 மெகாபிட் திட்டம் போட்டிருக்கிறோம், இருந்தும் மெதுவாகப் போகிறதே" என்று பலர் கேட்கிறார்கள். அந்த 300 என்பது உங்கள் வீட்டு வாசலிலிருந்து வெளியே இணையத்துக்குப் போகும் வழியின் அகலம். ஹாலிலிருந்து படுக்கையறைக்கு அனுப்பும் கோப்பு வாசலைத் தாண்டுவதே இல்லை. இணையம் அன்றைக்கு அறுந்து கிடந்தாலும் அது போகும். மாதக் கட்டணத்தை உயர்த்தினால் இந்த வேகம் உயரும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இனி, காற்றில் ஏன் பாதி போகிறது? எங்கள் துறையிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். ஒற்றைப் பாதைப் பிரிவுகளில் நீல்ஸ் பந்து டோக்கன் என்று ஒரு கருவி உண்டு. இரு நிலையங்களிலும் ஒவ்வொன்று இருக்கும். இரண்டையும் மின்சாரத்தால் பூட்டியிருப்பார்கள். ஒரே சமயத்தில் ஒரு பந்துதான் வெளியே வரும். அந்தப் பந்து கையில் கிடைத்தால்தான் ஓட்டுநர் அடுத்த நிலையத்துக்கு வண்டியை எடுக்கலாம். எதிரே வரவேண்டிய வண்டி காத்து நிற்கவேண்டியதுதான். வை-ஃபை இத்தகைய ஒற்றைப் பாதை. ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசுமுன் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். அமைதியாக இருந்தால் சற்றுப் பொறுத்துப் பேசவேண்டும். போய்ச் சேர்ந்தது என்று எதிர்முனை பதில் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் திரும்பவும் அனுப்பவேண்டும். பந்து கொடுக்க நிலைய அதிகாரி இல்லாத ஒற்றைப் பாதை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு ரூட்டரும் மாடிவீட்டு ரூட்டரும் அதே அலைவரிசையில் இருந்தால் அவர்களுடைய வண்டிகளும் அதே பாதையில்தான் ஓடவேண்டும்.

கிகாபிட் கம்பியோ இரட்டைப் பாதை. போகிறதும் வருகிறதும் ஒரே சமயத்தில் நடக்கும். அதில் அடுத்த வீட்டுக்காரர் நுழைய முடியாது.

இதனோடு இன்னொன்று சேர்கிறது. இரண்டு கணினிகளும் வை-ஃபையில் இருந்தால், கோப்பு முதல் கணினியிலிருந்து ரூட்டருக்கு ஒரு முறை, ரூட்டரிலிருந்து இரண்டாம் கணினிக்கு ஒரு முறை என இருமுறை காற்றில் போகவேண்டும். பாதை ஒன்றேயாதலால் வேகம் மீண்டும் பாதியாகிறது. ஒரு கணினியை மட்டுமாவது கேபிளால் ரூட்டரோடு இணைத்துவிட்டால் இந்த நஷ்டம் நீங்கும். செலவு அதிகமில்லாத முதல் சீர்திருத்தம் இதுவே.

செம்பூரில் எங்கள் பிளாட்டில் 10 கிகாபைட் கோப்பு ஒன்றை வைத்து அளந்து பார்த்தேன். இரு முனையிலும் கம்பி: ஒன்றரை நிமிடம். ஒரு முனையில் கம்பி, மறுமுனை அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை: மூன்று நிமிடம். இரு முனையும் அதே வை-ஃபை: ஆறு நிமிடத்துக்கு மேல். இதுவரை கணக்குப்படிதான். பிறகு ஒரு முனையில் கம்பியை வைத்துக்கொண்டு, மற்றக் கணினியைச் சுவர் தாண்டிப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்ப் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில், இரவு எட்டு மணிக்குச் செய்தேன். நாற்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று. அதே கணினியை அதே இடத்தில் வைத்து விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்தபோது இருபத்துநான்கு நிமிடம்! எங்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. பில்டிங்கில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. காலை எட்டரை மணிக்குக் குர்லாவில் லோக்கல் ஏறுவதற்கும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கம்பியை இரவு எட்டுக்கு அளந்தாலும் ஐந்துக்கு அளந்தாலும் ஒன்றரை நிமிடம்.

ரூட்டர் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஏசி 1200" என்று போட்டிருப்பார்கள். அது 2.4 பட்டையின் 300-ஐயும் 5 பட்டையின் 867-ஐயும் கூட்டி, கொஞ்சம் உருட்டி எழுதியது. எந்த ஒரு கணினிக்கும் 1200 கிடைக்காது; அது ஏதாவது ஒரு பட்டையில்தான் நிற்கும். இரண்டு பிளாட்பாரத்தின் நீளத்தைக் கூட்டி ஒரு வண்டிக்குச் சொல்வது போன்ற வியாபாரக் கணக்கு இது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நம் வீட்டுக் கம்பிக்குப் பெயர் கொடுத்த ஈதர்நெட் பிறந்ததே வானொலியைப் பார்த்துத்தான். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர், கடல் பிரித்த தீவுகளில் உள்ள கணினிகளை வானொலியால் இணைத்து அலோஹாநெட் என்று நடத்தினார்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் என்ன செய்வது என்ற அவர்களுடைய ஆராய்ச்சியைப் படித்த ராபர்ட் மெட்காஃப், 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் அதே முறையைச் செம்புக் கேபிளுக்குள் கொண்டு வந்தார். வெளியெங்கும் ஈதர் நிறைந்திருப்பதாகப் பழைய விஞ்ஞானிகள் நம்பினார்களே, அந்தப் பெயரை அதற்கு வைத்தார். வை-ஃபைக்கான முதல் தரநிர்ணயம் 1997-இல்தான் வந்தது. அப்போது வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். கம்பியில் 100 மெகாபிட் 1995-லேயே வந்துவிட்டது; செம்புக் கம்பியில் கிகாபிட் 1999-இல் வந்தது.

காற்று வழி எப்போதும் கம்பி போட முடியாத இடத்துக்காக வந்ததுதான். ஹவாயில் கடல் குறுக்கே நின்றது. நம் நாட்டில் செலவு குறுக்கே நின்றது. 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் முறை, வீடுதோறும் தொலைபேசிக் கம்பி இழுக்கும் செலவை மிச்சப்படுத்த எழுந்தது. இணையத்துக்கு அது தந்தது 35 அல்லது 70 கிலோபிட். கம்பியே போகாத கிராமத்துக்கு அது பெரிய வரம். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் இரயில்டெல்லும் கூகுளும் சேர்ந்து இலவச வை-ஃபை தொடங்கியபோது, பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லாம் வானத்திலிருந்து வருகிறது என்றே மகிழ்ந்தார்கள். தண்டவாளத்தோரம் புதைத்த ஒளியிழைக் கேபிள்தான் அதைச் சுமந்து வந்தது. கடைசி முப்பது நாற்பது மீட்டர் மட்டுமே காற்று.

மும்பை வீடுகளுக்கு வருவோம். இந்தியாவில் 2.4 பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-இல் வழி திறந்தது. 5 பட்டையின் பெரும்பகுதி 2018-இல் திறந்தது. 2.4 பட்டையில் 13 அலைவரிசை எண்கள் உண்டு என்றாலும் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என மூன்றுதான். இந்த மூன்றையும் ஒரு பில்டிங்கில் உள்ள அத்தனை வீடுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. போதாதற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் இரைகிறது. 5 பட்டையில் இடம் தாராளம்; ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. மாட்டுங்காவில் உள்ள பழைய கட்டடங்களின் கனத்த சுவர் இரண்டைத் தாண்டினால் அது நொண்டியடிக்கத் தொடங்கும்.

தாராவியில் நிலைமை வேறு விதம். 90 அடி சாலைப் பக்கம், கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தமிழ் இளைஞர் ஒருவரின் கோலிக்குப் போயிருந்தேன். கீழே ஓர் அறை, இரும்பு ஏணி, மேலே ஓர் அறை. கீழே படம் இறக்கும் கணினி, மேலே தொகுக்கும் கணினி. கைபேசியில் வை-ஃபை பெயர்ப் பட்டியலைத் திறந்தால் மூன்று முறை தள்ளியும் முடியவில்லை! ஒரு கல்யாணத்துக்கு 150 கிகாபைட் வரும். மேலே ஏற மூன்றரை மணி நேரம் ஆகும். முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு இரண்டு கல்யாணம் வந்தால் அந்த நாளே கோப்பு ஏற்றுவதில் போய்விடும். 5 பட்டை ரூட்டர்தான் வைத்திருந்தார். ஆனால் இடையில் இருந்த தளம் இரும்புத் தகடு. வானொலி அலைக்கு இரும்புத் தகடு என்பது மூடிய லெவல் கிராசிங். விலை கூடிய ரூட்டர் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் தம்பி என்று சொல்லி, ஏணியோரமாகப் பத்து மீட்டர் கேபிள் போட்டோம். 150 கிகாபைட் இருபத்துமூன்று நிமிடத்தில் ஏறியது. அவருக்கு அது பிழைப்பு. சீசனில் வேலையை மறுக்காமல் வாங்கிக்கொள்ள முடிகிறது என்று பிறகு சொன்னார்.

மாட்டுங்கா நண்பருடைய விஷயம் பிழைப்பு சம்பந்தப்பட்டது அல்ல. கிங்ஸ் சர்க்கிள் அருகே தரைத்தளத்தில் குடியிருந்தவர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அன்று அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஊறிவிட்டன. ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்து, மின்விசிறியடியில் உலர்த்தி, பிழைத்தவற்றைப் பல மாதம் உட்கார்ந்து ஸ்கேன் செய்தார்கள். அசல் படங்கள் அடுத்த மழையிலேயே பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன. மிஞ்சியது கணினியில் உள்ளது மட்டுமே. அதோடு, மறைந்த துணைவியார் பாட்டுச் சொல்லிக்கொடுத்த கேசட்டுகளையும் அதிலேயே ஏற்றி வைத்திருந்தார். எல்லாம் சேர்ந்து 300 கிகாபைட். ஒரே வட்டு, ஒரே பிரதி. சென்ற ஆண்டு அந்த வட்டு "டக், டக்" என்று ஒலிக்கத் தொடங்கியது.

மகனுடைய மடிக்கணினிக்கு வை-ஃபையில் மாற்ற மூன்று இரவுகள் முயன்றிருக்கிறார்கள். பழைய கணினியின் முதுகில் விரல்நுனி அளவு வை-ஃபை துண்டு ஒன்று செருகியிருந்தது. வினாடிக்கு மூன்று மெகாபைட் வந்தது. 300 கிகாபைட்டுக்கு இருபத்தெட்டு மணி நேரம். பழுதான வட்டை அத்தனை நேரம் சுழலவிடுவது, அச்சு சூடேறிய வண்டியை அடுத்த நிலையம் வரை ஓட்டிப் பார்ப்பது போல.

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி நகல் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கணினி 2010 வாக்கில் வாங்கியது. அதில் உள்ளவை யு.எஸ்.பி. இரண்டாம் தலைமுறைத் துளைகள். முப்பது முப்பத்தைந்து மெகாபைட்டுக்கு மேல் அவற்றால் முடியாது. ஆனால் அதே பலகையில் உள்ள லேன் துளை கிகாபிட்! அக்காலத்து மேசைக்கணினிகள் பலவற்றில் இப்படித்தான். கேபிள் செருகாததால் அந்தத் துளையை யாரும் கவனிப்பதில்லை. மகனுடைய மடிக்கணினி மெலிதானது, அதில் லேன் துளையே இல்லை. லாமிங்டன் ரோட்டில் யு.எஸ்.பி. மூன்றாம் தலைமுறை லேன் அடாப்டர் ஒன்று வாங்கி வந்தோம். தரையோடு இருபது மீட்டர் கேபிளை விரித்து இரண்டையும் நேரடியாக இணைத்தோம். முன்காலத்தில் இதற்கென்று குறுக்குக் கேபிள் வேண்டும்; கிகாபிட் துளைகளுக்கு அது தேவையில்லை. முதலில் கேசட் ஒலிப்பதிவுகள், அடுத்து ஸ்கேன் படங்கள், கடைசியில் மற்றவை என்று நண்பரே வரிசை சொன்னார். சாதாரணமாக இழுத்துப் போடாமல், விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்தினோம். பாதியில் நின்றாலும் ஏற்கெனவே வந்ததைத் தாண்டிப்போய், விட்ட இடத்தில் தொடர அதற்குத் தெரியும். பழைய வட்டு, ஆயிரக்கணக்கில் சிறு படங்கள். ஆகவே முழு வேகம் வரவில்லை. இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. பன்னிரண்டு படங்களை மட்டும் வட்டு கடைசிவரை படிக்க மறுத்துவிட்டது. ஒலிப்பதிவுகள் முழுவதும் வந்தன. முடிந்ததும் முதல் வேலையாக ஒரு பதிவை ஓடவிட்டுக் கேட்டார். நானும் மகனும் பால்கனிக்குப் போய்விட்டோம்.

கேபிள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கேட்-5ஈ என்றாலே கிகாபிட்டுக்கு நூறு மீட்டர் வரை போதும். கேட்-6 கிடைத்தால் நல்லது. முழுச் செம்பாக இருக்கவேண்டும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் சந்தையில் ஏராளம். கையில் எடுத்தாலே எடை குறைவாகத் தெரியும், மடக்கினால் சீக்கிரம் முறியும். உள்ளே எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். எங்கள் பில்டிங்கில் ஒரு வீட்டுக்குக் கேபிள் போட வந்த ஆள் நான்கு கம்பியை மட்டும் முனையில் பொருத்திவிட்டுப் போய்விட்டார். இணையம் வந்தது, யாரும் சந்தேகப்படவில்லை. கோப்பு மட்டும் வினாடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவேயில்லை. இந்த 11 என்ற எண்ணைக் கண்டால் எங்கோ ஒரு ஜோடி விட்டுப்போயிருக்கிறது, அல்லது ரூட்டரின் துளையே 100-தான் என்று தெரிந்துகொள்ளலாம். இணைய நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகள் சிலவற்றில் நான்கு துளைகளில் ஒன்று மட்டும் கிகாபிட்டாக இருக்கும். அப்படியானால் ஐந்து துளை கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கிக் கணினிகளை அதில் செருகிவிட வேண்டியதுதான். அளந்து பார்க்கும்போது மடிக்கணினியின் வை-ஃபையை அணைத்துவிடுங்கள். கோப்பு எந்த வழியில் போகிறது என்ற ஐயம் இராது.

இந்தக் கேபிளை 230 வோல்ட் மின்கம்பி போகும் அதே குழாய்க்குள் நுழைக்கக் கூடாது. எலக்ட்ரீஷியன் சுலபம் என்பார், சம்மதிக்காதீர்கள். ஒரு பில்டிங்கிலிருந்து இன்னொரு பில்டிங்குக்கு வெளியே செம்புக் கேபிள் தொங்கவிடுவதும் மழைக்கால மின்னலுக்கு அழைப்பு. அங்கே ஒளியிழைதான் முறை.

இதனால் வை-ஃபையைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. கைபேசிக்கும், படம் பார்ப்பதற்கும், பேரனோடு திரையில் பேசுவதற்கும் அது தாராளமாகப் போதும். படம் பார்க்க வினாடிக்கு இரண்டு மூன்று மெகாபைட் போதுமே. புதிய வை-ஃபை 6 ரூட்டரும் புதிய மடிக்கணினியும் ஒரே அறையில் இருந்தால் கம்பியின் வேகத்தை எட்டிப் பிடிக்கவும் கூடும். வீடு முழுவதும் சுவரைக் கொத்திக் கேபிள் பதிக்க வேண்டும் என்பதும் இல்லை. பெரிய நகல் எடுக்கும் அன்றைக்கு மட்டும் தரையில் விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டி லாஃப்டில் வைத்துவிடலாம்.

அந்த இருபது மீட்டர் கேபிளும் அடாப்டரும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. வட்டு ஒலி எழுப்பத் தொடங்கிய அன்பர்கள் யாராக இருந்தாலும் சங்க நூலகத்தில் என் பெயரைச் சொல்லி எழுதி வைத்துவிட்டு எடுத்துப் போகலாம். ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிடவேண்டும். சுருட்டும்போது முறுக்காமல், முழங்கை அளவு வளையமாகச் சுருட்டவும்.